கொழுந்து பறித்தவர்களின் படச்சுருள்

பேராக் மாநிலத்துத் தாப்பாவில் தொடங்கும் பழைய மலைச்சாலை, ஓராங் அஸ்லி பழங்குடி மக்களின் குடியிருப்புகளையும் லாத்தா இஸ்கண்டார் அருவியையும் கடந்து, எண்ணி மாளாத வளைவுகளுக்குப் பிறகு பகாங்கின் ரிங்லெட்டை அடைகிறது. அங்கிருந்து ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊருக்கு ஊர் குளிர் கூடிக்கொண்டே போகிறது. இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885இல் வந்த நில அளவையாளர். 1925இல் மலைவாசத் தலத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல். 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸல்; அவருக்குத் துணை நின்றவர் இலங்கையில் தேயிலைப் பயிரை அறிந்துவந்த ஏ. பி. மில்ன். வழிகாட்டிகளும் கையேடுகளும் இந்த நான்கு பெயர்களையும் மறவாமல் சொல்கின்றன. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று ஊன்றிய தமிழர்களில் ஒருவர் பெயரையும் அவை சொல்வதில்லை. சுங்கை பாலாஸில் மலைச்சரிவின் மேல் நீண்டு நிற்கும் தேநீர்க் கூடத்தில் நாள் முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தபடி இருக்கின்றன. மலேசியாவில் இவ்வளவு படமெடுக்கப்படும் சரிவு வேறு இருக்குமா என்பது சந்தேகம். அத்தனை படங்களிலும் பச்சை இருக்கிறது. அந்தப் பச்சையை உண்டாக்கியவர்கள் இல்லை.

அவர்களை இனி மலையில் தேடிப் பயனில்லை. கூடையைத் தலையில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. கத்தரி வந்தது, பிறகு இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரம் வந்தது. அதைப் பிடித்து நடப்பவர்களில் பலர் இன்று நேப்பாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் படித்துச் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள், இறங்கியது நல்லதே. நிலமும் மாறிவிட்டது. பள்ளத்தாக்குகளைக் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் மூடியிருக்கின்றன. 1963இல் கட்டிமுடித்த சுல்தான் அபு பாக்கார் அணை, பெர்தாம் ஆற்றின் ஒரு பகுதியை ஏரியாக்கிவிட்டது. பிரிஞ்சாங்கை அடுத்துள்ள உள்ளூர் அருங்காட்சியகத்தில் பழைய சாமான்களும் புகைப்படங்களும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கூடை அங்கே இருக்கும், அதைச் சுமந்து ஏறிய நடை இருக்காது. நடையைக் காட்டக்கூடியது அசையும் படம் ஒன்றே. அன்று மலாயாவில் எடுக்கப்பட்ட படச்சுருள்களைத் தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகளுடைய வகுப்பறைக்கும் அவர்களுடைய கலைக்கும் கொண்டுவந்தாக வேண்டும். கொண்டுவரும்போது அவற்றின் பழைய குரலை நீக்கி, அந்த வேலையை அறிந்தவர்களின் குரலைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். இந்தக் கட்டுரை வாதிடுவது இதைத்தான்.

சுருள்கள் இருக்கின்றனவா என்ற கேள்வி முதலில் எழும். கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. கேமராவை விற்கத் தொடங்கியபின், காலனி நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்கள் தங்கள் பங்களா, நாய், விருந்து, குழந்தை எல்லாவற்றையும் படமெடுத்தன. இந்தியாவில் எடுத்த இத்தகைய வீட்டுப் படங்களைக் கேம்பிரிட்ஜின் தெற்காசிய ஆய்வு மையம் சேர்த்துவைத்து இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் காலனிகளைக் காட்டும் 6,000க்கும் மேற்பட்ட படங்களின் விவரப் பட்டியல் ஒன்றை பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதில் மலாயாவுக்கும் இடம் உண்டு. அரசுத் தரப்பில் 1946இல் தொடங்கிய மலாயாத் திரைப்படப் பிரிவு, பின்னாளில் ஃபிலெம் நெகாரா மலேசியா ஆனது. அது எடுத்த செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் உரை பெற்றன. தகவல் இலாகாவின் வண்டிகள் அவற்றைக் கம்பங்களுக்கும் தோட்டத் திடல்களுக்கும் ஏற்றிச்சென்று வெள்ளைத் துணியில் காட்டின. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் நீடித்த 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் அந்த வண்டிகளுக்கு ஓய்வே இல்லை. ஆகவே தோட்டத் தமிழர் படமாக மட்டும் இருக்கவில்லை, பார்வையாளராகவும் இருந்தார்கள். தங்களைப் பற்றித் தங்கள் மொழியிலேயே இன்னொருவர் எழுதிக்கொடுத்த வசனத்தைத் திடலில் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள்.

அந்த வசனம் எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தேயிலையிலிருந்தே ஒரு சான்று உண்டு. பேசில் ரைட் 1934இல் இலங்கைக்குப் போய் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர் பெற்றது. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். தயாரித்தவர் ஜான் கிரியர்ஸன். தீவில் பதிவானது காட்சி மட்டும்தான். ஒலி முழுவதும் பிறகு லண்டனில் சேர்க்கப்பட்டது. அதில் ஒலிக்கும் உரை, 1681இல் ராபர்ட் நாக்ஸ் எழுதிய இலங்கை நூலிலிருந்து எடுத்தது. வாசித்தவர் லயனல் வெண்ட். வணிகத்தின் குரல்கள் என்று பெயரிட்ட பகுதியில் உழைப்பவர்களின் காட்சிகள் மேல் சந்தை நிலவரமும் வணிகக் கடித வாசகங்களும் ஒலிக்கின்றன. வணிகம் உடலை எப்படித் தின்கிறது என்று காட்டும் துணிந்த உத்தி இது என்று பல விமர்சகர்கள் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் படத்தின் குரல்களுக்குள் கொழுந்து பறிக்கும் பெண்ணின் குரல் வரவேயில்லை. பௌத்தத் தீவாக இலங்கையை வழிபடும் அந்தப் படத்தில், தேயிலையின் உண்மையான உழைப்பாளிகளான மலையகத் தமிழர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு சொல்லும் கிடையாது. மகத்தான கலைஞன் எடுத்த படத்துக்கே இந்தக் கதி என்றால், சாதாரணப் பிரசாரச் சுருளைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. துரையும் அரசும் தங்கள் தேவைக்காக எடுத்த படம் பொய். சுத்தமான லயமும் சிரித்த முகமுமாக ஒழுங்குசெய்து எடுத்த அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பழைய பொய்க்குப் புது ஆயுள் கொடுப்பதாகும் என்கிறார்கள். அதே பழைய உரையோடு, அதே வெட்டோடு காட்டினால் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கேமரா, பிடித்தவரின் எண்ணத்துக்கு அடங்கிய கருவி அன்று. துரை தன் மகள் குதிரையேறுவதை எடுத்திருப்பார். பின்னால் காலை ஆள்கணக்கான பெரட்டுக்கு நிற்பவர்களின் வரிசை விழுந்திருக்கும். வரிசையில் யார் காலில் செருப்பு இருக்கிறது, எந்த வயதுப் பிள்ளை வேலைக்கு நிற்கிறது, கங்காணி எவ்வளவு தள்ளி நிற்கிறார், கிராணியின் சட்டை எப்படி, கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஓரத்தில் பதிந்திருக்கும். ஒழுங்குசெய்து எடுத்த படத்திலும் கை பொய் சொல்லாது. பல ஆண்டு கிள்ளிய விரலின் வேகத்தை நடிகைக்குச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. எதற்காக எடுத்தார்கள் என்பதை வைத்து ஒரு சான்றை ஒதுக்குவதானால், காலனி அரசின் தொழிலாளர் அறிக்கைகளையும் ஒதுக்கவேண்டும். அவற்றை நாம் ஒதுக்கவில்லை, எதிர்க்கேள்வி கேட்டுப் படிக்கிறோம். எழுத்தாவணத்தில் நாம் பழகிய அந்தப் படிப்பைப் படச்சுருளிலும் பழகவேண்டும்.

அப்படிப் படிக்கச் சில தொழில்நுட்பப் பொறுப்புகள் உண்டு. மௌன 16 மி.மீ. படம் பெரும்பாலும் நொடிக்கு 16 அல்லது 18 சட்டங்களாக எடுக்கப்பட்டது. அதை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். நூறடிச் சுருள் 16 சட்ட வேகத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடவேண்டியது. தவறான வேகத்தில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இது அழகியல் சிக்கல் மட்டும் என்று நினைக்கக்கூடாது. சரிவில் ஏறும் ஒரு பெண்ணின் களைப்பு அந்த வேகத்தில் காணாமல் போகிறது, பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். வேகத்தைச் சரிசெய்வது அவளுக்கு நாம் செலுத்தவேண்டிய முதல் மரியாதை. பீட்டர் ஜாக்ஸன் 2018இல் முதல் உலகப்போர்ச் சுருள்களிலிருந்து தொகுத்த ‘தே ஷால் நாட் க்ரோ ஓல்ட்’ படத்தில் இந்த வேகத்தைத்தான் முதலில் சரிசெய்தார்கள். மௌனச் சிப்பாய்களின் உதட்டசைவைப் படிக்க அத்துறை வல்லுநர்களை அமர்த்தி, அன்று அவர்கள் பேசியதைப் பேசவைத்தார்கள். அதே படத்தில் வண்ணம் பூசியதைப் பலர் கண்டித்தார்கள். என் கருத்தும் அவர்கள் பக்கம்தான், ஏனென்றால் சேலையின் நிறத்தை ஊகித்துப் பூசியபின் அது ஊகம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் உதட்டைப் படித்த செயல் என்னை விடவில்லை. மலாயாத் தோட்டச் சுருள்களில் அசையும் உதடுகள் பேசுவது தமிழ். ‘தேயிலை பறிக்கும் பெண்கள்’ என்று மட்டும் குறித்துவைத்த ஒரு காப்பகத்துக்கு அந்த உதடுகள் என்றென்றைக்கும் ஊமை. தோட்டத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு அவை ஊமையாக இருக்கவேண்டியதில்லை. உதடு பிடிபடாவிட்டாலும் அந்தச் சரிவு எந்த வெட்டு, முதலில் போவது யார், கையசைவுக்குப் பொருள் என்ன என்று அவரால் சொல்லமுடியும். காப்பகத்தில் இல்லாத அறிவு இது. படம் ஊருக்குத் திரும்பினால்தான் படத்தோடு சேரும்.

கலைஞர்கள் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு, மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலேயே முன்மாதிரி இருக்கிறது. டச்சு இயக்குநர் வின்சென்ட் மொனிக்கென்டாம் 1995இல் ‘மதர் டாவ்’ என்ற படத்தை ஒரு காட்சிகூடப் புதிதாக எடுக்காமல் உருவாக்கினார். 1912 தொடங்கி 1930களின் முற்பகுதிவரை டச்சுக் கிழக்கிந்தியாவில் எடுத்த நூற்றுக்கணக்கான மௌனப் படங்களிலிருந்து துண்டுகளை எடுத்தார். தோட்டங்களும் ஆலைகளும் டச்சு ஆட்சியின் சாதனைகளாகப் படமான அதே காட்சிகள். பழைய விளக்க அட்டைகளை நீக்கினார். இந்தோனேசியக் கவிதைகளையும் பாடல்களையும் சூழல் ஒலிகளையும் சேர்த்தார். சாதனை குற்றப்பத்திரிகையாகத் திரும்பி நிற்கிறது. தமிழில் இப்படி ஒரு படம் வரவேண்டும் என்ற ஏக்கம் அதைப் பார்க்கும் எவருக்கும் வரும். ஆயினும் வகுப்பறைக்கு அதை அப்படியே கொண்டுபோக நான் தயங்குவேன். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று படத்துக்குள் ஓரிடத்திலும் குறிப்பில்லை. கவிதைக்கு அது தேவையில்லை. பதிமூன்று வயது மாணவருக்குத் தேவை. சுமத்ராவின் புகையிலையை ஜாவாவின் கரும்போடு சேர்த்து ஒரே துயரமாகக் கரைப்பது கலைஞரின் உரிமை. பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை. ஒரே சுருளுக்கு இரண்டு வாழ்க்கையும் கொடுக்கலாம், மூலக் குறிப்புகள் முழுமையாக ஓரிடத்தில் பாதுகாக்கப்பட்டால்.

தமிழர் இந்த வழியில் யாரையும் பின்பற்றவேண்டியதில்லை. நாமே முன்னே நடந்திருக்கிறோம். ‘குமரி மலர்’ நடத்திய ஏ. கே. செட்டியார், தமிழில் பயண எழுத்துக்குத் தனி மதிப்பைத் தேடித்தந்தவர், ‘மலேயா முதல் கனடா வரை’ எழுதியவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது அவருக்குக் காந்தியைப் பற்றிய படம் எடுக்கும் எண்ணம் வந்தது. புதிதாகப் பிடிப்பதைவிட உலகமெங்கும் சிதறிக் கிடந்த பழைய சுருள்களைத் தேடுவதையே அவர் முக்கியமாகக் கொண்டார். கண்டங்கள் தாண்டி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, பல ஒளிப்பதிவாளர்கள் வெவ்வேறு காலத்தில் பிடித்த 50,000 அடிப் படத்தைத் திரட்டினார். அதிலிருந்து தொகுத்த படம் 1940 ஆகஸ்டில் தமிழ் உரையோடு சென்னையில் வெளியாயிற்று. அந்நிய நாட்டுச் செய்திப்பட நிறுவனங்கள் தங்கள் வியாபாரத்துக்காக எடுத்த காட்சிகளே அதில் பெரும்பகுதி. தமிழ் உரையும் புதிய வரிசையும் சேர்ந்ததும் அவை நம்முடைய வரலாறாயின. இன்று அந்தத் தமிழ் மூலம் நம் கையில் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் சுருக்கித் தயாரித்த ஆங்கில வடிவத்தின் பிரதியைத்தான் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டெடுத்தார். தமிழின் முதல் மௌனப் படமான ‘கீசக வத’மும் முதல் பேசும் படமான ‘காளிதாஸு’ம் போன வழியில் போய்விட்டது, உலகின் படச்சுருள்களை ஒருவர் தனியாளாகத் திரட்டித் தமிழுக்குத் தந்த அந்தச் செல்வமும். மலாயாச் சுருள்களைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பதற்றம் வருவது இதனால்தான். நைட்ரேட் படம் தீப்பிடிக்கும். பின்வந்த அசிடேட் படம் வெப்பத்திலும் ஈரத்திலும் புளிப்பு நாற்றமெடுத்துச் சுருங்கும். மலேசியத் தட்பவெப்பம் இரண்டுக்கும் பகை.

இன்னொரு மறுப்பு அறவழிப்பட்டது, முன்னதைவிடக் கடினமானது. கேட்காமல் எடுத்த படத்தை மறுபடி ஊர்முன் ஓட்டுவது, குனிந்த முதுகை மறுபடி குனியவைப்பது ஆகாதா? என் பாட்டி கந்தல் சேலையில் நிற்பதை உலகம் பார்க்கவேண்டாம் என்று ஒரு குடும்பம் சொன்னால் யாருக்கு அதை மீற உரிமை? இதற்கு வாதத்தால் விடை சொல்வதைவிட நடைமுறையால் விடை சொன்னவர்களைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைப் பகுதியில் வாழும் ஆனங்கு மக்களுக்காக 1994இல் தொடங்கிய ஆரா இரிட்டிட்ஜா என்னும் திட்டம், வெளியார் எடுத்துக்கொண்டுபோன புகைப்படங்களையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேகரித்து அவர்களிடமே திருப்பித் தருகிறது. எதை யார் பார்க்கலாம், எது ஆண்களுக்கு, எது பெண்களுக்கு, இறந்தவர் உருவத்தை எப்போது மறைக்கவேண்டும் என்பதையெல்லாம் அந்த மக்களே முடிவுசெய்கிறார்கள். பெயரும் கதையும் அவர்களே சேர்க்கிறார்கள். கேமரன் மலைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தேயிலைக்காக வெட்டிய காடு யாரும் இல்லாத காடாக இருக்கவில்லை, ஓராங் அஸ்லி இனத்தவரான செமாய் மக்கள் அதில் வாழ்ந்தார்கள். பழைய கேமராக்கள் அவர்களைத் தமிழரைவிடவும் கூடுதலாகக் காட்சிப்பொருளாக்கின. தமிழர் தங்கள் படத்தைக் கேட்கும்போது செமாய் மக்களின் உரிமையையும் சேர்த்துக் கேட்கவில்லை என்றால், நம் கோரிக்கையின் பாதி நியாயம் அங்கேயே போய்விடும்.

மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்தவேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் நிழலில் முளைத்தவை. அந்தப் பள்ளிகளில் ஒன்றில் மூன்று நிமிடத் தோட்டக் காட்சி கிடைத்தால் என்ன செய்யலாம்? முதலில் ஒலியில்லாமல் ஓட்டலாம். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லலாம், நினைத்ததை எழுதவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி. அடுத்து யார் எடுத்தது, யாருக்காக, கேமரா எங்கே நின்றது என்று கேட்கலாம். மேட்டில் நின்று கீழ்நோக்கி எடுத்த காட்சி யாருடைய பார்வை என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பிறகு அசல் உரையை ஓட்டி, கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கெடுக்கலாம். கடைசியாகத் தமிழில் அவர்களே ஓர் உரை எழுதிப் பேசலாம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு. வரலாறு, மொழி, ஊடகத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் மூன்றும் ஒரே பாடத்தில் நடக்கின்றன. புவியியல் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. 1963க்கு முன் எடுத்த பெர்தாம் பள்ளத்தாக்கின் காட்சி ஒன்று கிடைத்து, அதை இன்றைய வண்டல் மண்டிய ஏரிக்கு அருகே வைத்தால், 2013 அக்டோபரில் அணைநீர் திறந்தபின் பெர்தாம் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளமும் உயிரிழப்பும் ஏன் நேர்ந்தன என்பதற்குப் பாடநூல் பத்திகளைவிடத் தெளிவான தொடக்கம் கிடைக்கும். தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து நின்ற சரிவையும், நெகிழிக் கூரையின் கீழ் மண் கழுவிப்போகும் சரிவையும் பக்கம் பக்கமாகக் காட்ட முடியும்.

பணமும் உரிமையும் தடையாகும் என்பது கடைசி மறுப்பு. பணத்தைப் பொறுத்தவரை மறுக்கமாட்டேன். சுருளைச் சுத்தம் செய்து, சட்டம் சட்டமாகப் பதிவேற்றிப் பாதுகாப்பது செலவு பிடிக்கும் வேலை. உரிமை விஷயத்தில் பலர் நினைப்பதைவிட வழி திறந்திருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படங்களுக்குத் தரும் பாதுகாப்பு 50 ஆண்டுகள். 1950களிலும் 60களிலும் மலாயாத் திரைப்படப் பிரிவு வெளியிட்ட படங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பூட்டியிருப்பது காப்பகத்தின் அலமாரி. அதைத் திறக்கக் கோரும் தகுதி பள்ளி வாரியங்களுக்கும் தமிழாசிரியர் அமைப்புகளுக்கும் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைகளுக்கும் உண்டு. கேட்கும்போது தமிழ் உரைத்தடத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அந்த உரையைப் படித்த தமிழ்க் குரல்களும், தோட்டத் தமிழருக்கு எந்தத் தமிழில் எதைச் சொல்ல அரசு விரும்பியது என்பதும் அதில்தான் இருக்கும். இன்று கணினி மங்கிய முகத்தைத் தானே கற்பனை செய்து தெளிவாக்கித் தருகிறது. அதைக் கண்டு மயங்கி மூலச் சுருளைத் தூக்கியெறியும் ஆபத்தும் வந்திருக்கிறது, ஆகையால் தெளிவாக்காத பிரதி ஒன்று எப்போதும் தனியே இருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கலாம். அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. 1950களில் பத்து வயதில் லயத்து வாசலில் நின்று கேமராவைப் பார்த்த பிள்ளைக்கு இன்று எண்பது வயது. ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கம்போங் ராஜாவிலும் இருக்கும் அந்த வயதினர் முன்னால் ஒரு மடிக்கணினியை வைத்து, காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டி, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய, காப்பகம் முழுவதும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் ஏற்கெனவே பார்க்கக் கிடைக்கும் மலாயாச் சுருள்களைக் கொண்டே இந்தப் பள்ளி விடுமுறையில் அதைத் தொடங்கலாம்.